மையோடு சீட்டின் நிறமும் போகும்: ஒரு வீட்டுக்குறிப்புக்கு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் லெதர் சீட்டில் பேனா மை பட்டுவிட்டால் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும், மிச்சம் இருந்தால் டூத்பேஸ்ட் பூசி ஊறவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில் வந்திருந்தது. அப்படிச் செய்தவர்களுக்கு மை போயிருக்கும். கூடவே அந்த இடத்தில் சீட்டின் நிறமும் போய், வெளிறிய திட்டு ஒன்று விழுந்திருக்கும். குறிப்பைத் திருத்தி மறுபடியும் வெளியிட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். கடிதம் நீண்டுவிட்டால் கத்தரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஏர்பேக் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கார் சீட்டில் உட்காரும்போது நம் கை படுவது தோலின் மேல் அல்ல. பதனிட்ட தோலின் மேல் நிறப்பூச்சு ஒன்று இருக்கும். அதற்கும் மேலே, பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்த மெல்லிய நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கும். மை முதலில் தங்குவது இந்த மேல்பூச்சில்தான். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் மையை மட்டும் தேடிக் கரைப்பதில்லை. மேல்பூச்சை இளக்கி, அடியிலிருக்கும் நிறத்தையும் சேர்த்தே பஞ்சில் ஏற்றிவிடும். பெயின்ட் கடைத் தின்னரும் இதே வேலையைத்தான் செய்யும், இன்னும் வேகமாக. ஆகவே மையைக் கரைக்கும் அளவுக்கு மட்டும் வலுவுள்ள திரவத்தை, பூச்சு இளகுமுன் எடுத்துவிடும் அளவுக்குக் குறைந்த நேரம் வைக்க வேண்டும். பின்வரும் எல்லாமே இதற்கான வழிகள்தான்.

முதலில் சீட் உண்மையில் தோல்தானா என்று பாருங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஓடும் கார்களில் 'லெதர் சீட்' என்று சொல்லிப் போட்டிருப்பதில் பெரும்பாலானவை ரெக்சின்தான். கடையில் தைத்துப் போட்ட உறை என்றால் அநேகமாகச் சந்தேகமே வேண்டாம். சீட்டின் அடிப்பக்கம் குனிந்து, மடித்துக் குத்திய ஓரத்தை விரலால் புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் நெய்த துணியோ பின்னல் துணியோ தெரிந்தால் ரெக்சின். நார்நாராகச் சொரசொரப்பாக இருந்தால் தோல். ஒரே சீட்டில் நடுப்பகுதி தோலாகவும் பக்கவாட்டும் முதுகுப்புறமும் ரெக்சினாகவும் இருப்பதும் சகஜம். எனவே மை பட்ட துண்டின் ஓரத்தையே பார்க்க வேண்டும்.

தோல் என்று தெரிந்தால் இன்னொரு சோதனை. மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். சொட்டு முத்தாக அப்படியே நின்றால் பூச்சுள்ள தோல். கீழே சொல்லும் முறை அதற்குப் பொருந்தும். தண்ணீர் உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாத தோல், அல்லது பூச்சு ஏற்கெனவே தேய்ந்துபோன தோல். அதில் ஸ்பிரிட் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) பட்டால் மை இன்னும் உள்ளே இறங்கிப் பரவும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

அடுத்து, எந்த மை? தங்கள் குறிப்பு எல்லா மையையும் ஒன்றாகவே பார்த்திருந்தது. கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு ஓடும் வாடகைக் கார்களில் டிரிப் ஷீட்டோடு செருகி வைத்திருப்பது பால்பாயின்ட் பேனா. அதன் மை தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். ஜெல் பேனா, இங்க் பேனா, பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனா ஆகியவை தண்ணீரை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றுக்கு முதலில் சோப்புத் தண்ணீர்தான். எடுத்த எடுப்பில் ஸ்பிரிட்டைத் தொட வேண்டாம். ஜெல் மையில் சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறத்துகள் இருக்கும் வகைகள் உண்டு. துகள் எதிலும் கரையாது என்பதால், காயுமுன் ஒற்றி எடுத்தால்தான் உண்டு. நெல் கொள்முதல் ரசீதிலும் கிராம நிர்வாக அலுவலகச் சான்றிதழிலும் குத்திய முத்திரை ஈரமாக இருக்கும்போதே தாளைச் சீட்டில் வைத்தால் ஸ்டாம்ப் பேட் மை ஒட்டும். இதற்குச் சோப்புத் தண்ணீர் முதலில், ஸ்பிரிட் பிறகு. பெர்மனென்ட் மார்க்கர் எல்லாவற்றிலும் மோசம். அதன் கரைப்பானே மேல்பூச்சுக்குள் சாயத்தை இறக்கிவிடும். முழுதாகப் போகும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

இங்கே தங்கள் நாளிதழின் மேலேயே ஒரு சிறு புகார். சீட்டைத் துடைத்துவிட்டு ஈரம் காயுமுன் பேப்பரை விரித்து உட்காருவது நம் ஊர் வழக்கம். செய்தித்தாள் மை தாளில் ஊறித்தான் நிற்கிறது, இறுகிக் காய்வதில்லை. ஈரமும் உடல் சூடும் சேர்ந்தால் தலைப்புச் செய்தி சீட்டில் இடவலம் மாறி வாசிக்கக் கிடைக்கும். நல்லவேளை, அது சோப்புத் தண்ணீரிலேயே போய்விடும்.

தேர்தல் மை தனிச் சங்கதி. 1962 பொதுத்தேர்தலிலிருந்து பயன்பாட்டில் உள்ள, மைசூரில் தயாராகும் அந்த மையில் இருப்பது சில்வர் நைட்ரேட். விரல் ஈரம் காயாமல் வந்து சீட்டைத் தொட்டால் முதலில் பெரிதாகத் தெரியாது. வெளிச்சம் படப்படக் கறுக்கும். கறுத்தபின் அது சாயக்கறை அல்ல, வெள்ளிப் படிவு, ஸ்பிரிட்டுக்கு அசையாது. பட்ட உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால்தான் தப்பலாம்.

இனி பால்பாயின்ட் மைக்கு வருவோம். பேனா கசிந்து மை குளமாக நிற்கிறது என்றால் துடைக்கவே கூடாது. டிஷ்யூ பேப்பரின் நுனியை மேலாக வைத்து, அழுத்தாமல், அது தானாக உறிஞ்ச விட வேண்டும். நிறைந்ததும் புதுத் தாள். ஒரு தேய்ப்பு தேய்த்தால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக் கறை உள்ளங்கை அளவாகிவிடும். சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் கிடந்த பேனாதான் அதிகம் கசிகிறது. சூட்டில் மை இளகி, குண்டைச் சுற்றி வழியும்.

வேண்டிய பொருள்கள் இவ்வளவுதான்: காதுக்கான பட்ஸ் ஒரு டப்பா, வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு மூன்று, பேபி ஷாம்பூ கொஞ்சம், 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கடைசியாகச் சொன்னது மருந்துக் கடையில் கிடைக்கும். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருப்பது பெரும்பாலும் 99 சதவீதம். அதை அப்படியே பயன்படுத்தாமல் 7 பங்குக்கு 3 பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் கலந்தால் உடனே ஆவியாகாது. மை கரைய நேரம் கிடைக்கும், பூச்சின் மேல் தாக்குதலும் குறையும். ஒரு கறைக்கு 10 மில்லி தாராளம். துணிக்குப் பழைய வேட்டி சிறந்தது, ஆனால் கரையைக் கிழித்து எடுத்துவிடுங்கள். கரையின் சாயம் ஸ்பிரிட்டில் கரைந்து சீட்டில் புதுக் கறை போடும். கலர்த் துண்டு கூடவே கூடாது; சாயம் இறங்கும் என்பதோடு, சீட்டின் நிறம் துணியில் ஏறுகிறதா என்பதும் அதில் தெரியாது.

தண்ணீரையும் கவனியுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் துடைத்த கறுப்புச் சீட்டு காய்ந்ததும் வெள்ளை பூக்கும். கேன் தண்ணீர் ஒரு டம்ளர் போதும்.

காலை நேரத்தில், நிழலில் நிறுத்தி வேலையைத் தொடங்குங்கள். வெயிலில் நின்ற காரின் சீட்டில் ஸ்பிரிட் பட்டதும் பறந்துவிடும். கரைந்த மை அங்கேயே வளையமாகக் காய்ந்து நிற்கும். எல்லாக் கதவுகளையும் திறந்து, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஸ்பிரிட் ஆவி எளிதில் தீப்பற்றும். டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு ஊதுபத்தி ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கு மட்டும் ஸ்பிரிட் வாடை அடங்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கால் லிட்டர் தண்ணீரில் மூன்று நான்கு சொட்டு பேபி ஷாம்பூ விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, கறையைச் சுற்றியுள்ள தூசியையும் வியர்வைப் பிசுக்கையும் முதலில் எடுங்கள். பிசுக்கின் மேல் ஸ்பிரிட் போட்டால் அழுக்கும் மையும் சேர்ந்து பூச்சின் குழிகளில் இறங்கும். துணி துவைக்கும் சோப்புக் கட்டியைத் தேய்க்காதீர்கள். அது காரம், பதனிட்ட தோல் இயல்பில் சற்றே அமிலத்தன்மை உள்ளது. காரம் பட்டுப்பட்டுத் தோல் விறைக்கும்.

காய்ந்ததும் சீட்டுக்கு அடியில் மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பட்ஸை அரை நிமிடம் உருட்டிப் பாருங்கள். பட்ஸில் சீட்டின் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்தப் பூச்சு ஸ்பிரிட்டைத் தாங்காது. நிறம் ஏறாவிட்டால் மேலே போகலாம்.

ஸ்பிரிட்டை ஒரு பாட்டில் மூடியில் ஊற்றிக்கொள்ளுங்கள்; சீட்டின் மேல் நேராக ஊற்றவோ ஸ்பிரே செய்யவோ கூடாது. பட்ஸை நனைத்து, மூடியின் விளிம்பில் அழுத்தி, சொட்டாத அளவுக்கு ஈரம் வைத்துக்கொள்ளுங்கள். கறையின் வெளிவிளிம்பில் தொடங்கி உள்நோக்கி உருட்டுங்கள். தேய்ப்பது வேறு, உருட்டுவது வேறு: உருட்டும்போது கரைந்த மை பஞ்சில் ஏறிக்கொண்டு போகும், தேய்த்தால் அது பக்கத்தில் பூசப்படும். கோடாகக் கிறுக்கியிருந்தால் கோட்டின் நீளத்திலேயே போங்கள், குறுக்கே போனால் கோடு பட்டையாகும். பஞ்சு ஒரு சுற்றுச் சுற்றியதும் அந்தப் பட்ஸ் முடிந்தது. ஒரு விரல் நீளக் கோட்டுக்கே 20, 30 பட்ஸ் தீரலாம். இதில் சிக்கனம் பார்ப்பதால்தான் பாதிக் கறைகள் பரவுகின்றன.

ஒவ்வோர் இடத்திலும் ஐந்து பத்து விநாடிக்கு மேல் ஈரம் நிற்க விடாமல் உடனே தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றிவிடுங்கள். மூன்று சுற்று ஆனதும் 10 நிமிடம் நிறுத்துங்கள். ஸ்பிரிட் பட்டு இளகிய பூச்சு மறுபடி இறுகுவதற்கான நேரம் இது. அந்த நேரத்தில் விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். ரேகை பதிந்தால் போகாது. பளபளப்பு மங்குவதாகவோ தொட்டால் பிசுபிசுப்பாகவோ தெரிந்தால், மை மிச்சம் இருந்தாலும் அன்றைய வேலை முடிந்தது. ஒரு நாள் விட்டுத் தொடரலாம்.

நீலப் பேனா மையில் நீலச் சாயத்தோடு ஊதாச் சாயமும் கலந்திருப்பது வழக்கம். இரண்டும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. அதனால் நீலம் போனபின் இளம் ஊதாவாக ஒரு நிழல் நிற்கலாம். க்ரீம், பீஜ் நிறச் சீட்டுகளில் இது பளிச்சென்று தெரியும். இன்னும் இரண்டு சுற்று உருட்டிப் பார்க்கலாம். அசையாவிட்டால் அது பூச்சுக்குள் போய்விட்டது என்று பொருள். இன்னொன்று, அழுத்தி எழுதிய கோட்டில் மை போனபின்பும் பள்ளம் தெரியும். அதை மை என்று நினைத்து உருட்டிக்கொண்டே இருப்பவர்கள் நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பள்ளமா மையா என்று தெரிந்துவிடும்.

பொடித் துளைகள் போட்ட சீட்டில் பட்ஸின் பஞ்சே அதிகம். பல்குத்தும் குச்சியின் முனையில் துணியைச் சுற்றி, துளைகளைத் தவிர்த்து நடுவில் மட்டும் தொட வேண்டும். துளை வழியாக மை ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிட்டால், உட்கார்ந்து எழும்போதெல்லாம் மேலே வந்துகொண்டிருக்கும். பல கார்களில் முன்சீட்டு மெத்தைக்கு அடியில் ஆள் உட்கார்ந்ததை உணரும் சென்சார் இருப்பதால், துளைச் சீட்டோ இல்லையோ, ஈரம் குளமாக நிற்கக் கூடாது.

ரெக்சினுக்கும் முறை இதேதான், ஆனால் அவசரம் அதிகம். பிவிசி ரெக்சினை மிருதுவாக வைத்திருக்க அதில் ஒருவகை எண்ணெய்ப் பொருள் சேர்த்திருப்பார்கள். பேனாச் சாயம் மெல்ல மெல்ல அந்த எண்ணெய்க்குள் கரைந்து உள்ளே போய்விடும். வெயில் அதை விரைவுபடுத்தும். சில நாள் கழித்து வந்த கறையை மேலே எவ்வளவு துடைத்தாலும் அடியில் நிழல் நிற்பது அதனால்தான். திரும்பத் திரும்ப ஸ்பிரிட் போட்டால் அந்த எண்ணெயும் வெளியேறி ரெக்சின் விறைத்து வெடிக்கும்.

கைவைத்தியங்களில் பால் ஒன்றும் செய்யாது. ஆனால் தையலுக்குள் போய்ப் புளித்து நாறும். டூத்பேஸ்டில் இருப்பது மெருகேற்றும் பொடி. அது மையைக் கரைக்காமல் மேல்பூச்சைச் சுரண்டுகிறது, தோலின் வரிகளிலும் தையல் ஓட்டைகளிலும் வெள்ளையாக அடைந்தும் கொள்கிறது. வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்சும் அதே வகைச் சுரண்டல்தான். பிளீச்சிங் பவுடர் நூலை வெளுத்துத் தோலை விறைக்க வைக்கும். பாடி ஸ்பிரேயில் ஆல்கஹால் இருப்பதால் ஓரளவு வேலை செய்யும், ஆனால் எங்கே படுகிறது என்பது நம் கையில் இல்லை. காரில் கிடக்கும் சானிடைசர் அவசரத்துக்கு உதவும், தண்ணீர் போன்ற வகையாக இருந்தால். ஜெல் வகை ஒரு பிசின் படலத்தை விட்டுச் செல்வதால் கட்டாயம் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

மை போனபின் அந்த இடத்தை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்றால் கதவைத் திறந்து வைத்து மின்விசிறி போட்டு முழுதாகக் காயவைத்த பிறகே மூட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். ஹேர் டிரையரின் சூடு வேண்டாம். காய்ந்த தோலில் சுண்டைக்காய் அளவு லெதர் கண்டிஷனரைத் துணியில் எடுத்துப் பரவலாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் தடவுவது இங்கே பரவலாக இருக்கிறது. அது மேல்பூச்சைத் தாண்டி உள்ளே போவதில்லை. தூசியை ஒட்டவைத்து, தையல் நூலைக் கறுக்க வைக்கிறது. ஷூ பாலிஷ் போட்டு மறைப்பதும் உண்டு. அடுத்து உட்காருகிறவரின் வேட்டியில்தான் அது தெரியும்.

நிறம் ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு வழி இருக்கிறது. அந்தத் துண்டின் பிசுக்கைச் சுத்தமாக எடுத்து, 1000 எண் நீர்த்தாளால் (வாட்டர் பேப்பர் எனும் நுண்ணிய உப்புத்தாள்) லேசாக நீவி, லெதருக்கென்றே உள்ள நிறத்தை ஸ்பாஞ்சில் தொட்டு, மெல்லிய மூன்று நான்கு பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததாக, ஒற்ற வேண்டும். மேலே பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு. வெயில் படாத அடிப்பக்க நிறத்துக்குப் பொருத்தினால் மேலே வேறாகத் தெரியும். கறைக்குப் பக்கத்து நிறத்துக்கே கலக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுதும் அதில் உட்காரக் கூடாது. ரெக்சினில் நிறம் நிற்காமல் உரியும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த ஒரு துண்டை மட்டும் பிரித்து மாற்றுவதே மேல். ஒரு துண்டுக்காக முழு உறையையும் மாற்றச் சொல்லும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

துண்டு மாற்றுவதில்தான் ஆபத்து. முன்சீட்டின் முதுகுப் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று எழுதிய சிறு பட்டையோ முத்திரையோ இருந்தால், மோதலின்போது அந்தப் பக்கத் தையல் கிழிந்துதான் பை வெளியே விரிய வேண்டும். அதற்கென்றே அந்தத் தையலைக் குறிப்பிட்ட வலுவில் அறுந்துபோகும்படி போட்டிருப்பார்கள். அதைப் பிரித்துச் சாதாரண நைலான் நூலால் கெட்டியாகத் தைத்தால் பை விரியாமல் போகலாம், அல்லது தவறான பக்கம் விரியலாம். மேலே இறுக்கமான உறை மாட்டினாலும் இதே கதைதான். சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்து, கார் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்பைத் தொட வேண்டும். இணைப்பைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுத்தான் அணைக்க வேண்டியிருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டில் நடுத் துண்டு மட்டும் என்றால் வெளியே மாற்றலாம். பக்கத் தையலைத் தொட வேண்டியிருந்தால், அந்தப் பகுதிக்கான உறையைக் கம்பெனியிலிருந்தே வரவழைத்து மாட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கார் சீட் தையல், லெதர் வேலை செய்வோர் சிலர்,
கும்பகோணம்.